சபாஷ் சும்மா வராது!

சிலம்ப வகுப்பில் ஆசான் ஏன் அவ்வளவு சீக்கிரம் பாராட்டுவதில்லை? மெடலும் ஷீல்டும் குவியும் இந்தக் காலத்தில், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் ஒவ்வொரு பெற்றோரும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் காதில் முதலில் விழுவது தறிச் சத்தம்தான். இந்த ஊரில் பாதி நெய்த புடவையை யாரும் பாராட்ட மாட்டார்கள். புடவை தறியிலிருந்து இறங்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளியிடமோ அதை விரித்துப் பார்க்க வேண்டும். கரையும் உடலும் சேரும் இடத்தில் பிசிறு இல்லை, ஜரிகை ஒழுங்காக விழுந்திருக்கிறது என்றால், பார்ப்பவர் ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிடுவார். குறை இருந்தால்தான் பேச்சு வரும், கூலியில் பிடித்தமும் வரும். அப்படிப் பேசாமல் மடித்து வைப்பதே பாராட்டு என்பது நெய்தவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளையைச் சிலம்ப வகுப்பில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வாரமே வீட்டில் புகார் கேட்கும். "மாஸ்டர் எனக்கு இன்னும் கம்பே தரலைம்மா. நல்லா பண்றேன்னு ஒரு தடவைகூட சொல்லலை!"

அதே சமயம் பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறொரு வகுப்பில் சேர்ந்து இரண்டே மாதம்தான் ஆகியிருக்கும். கழுத்தில் மெடல், கையில் ஷீல்டு, அதன் அப்பாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'உலக சாதனை' சர்டிஃபிகேட். எந்தப் பெற்றோருக்கும் மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். 'நம்ம பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒண்ணும் வரலை? வாத்தியார் சரியில்லையோ?'

பெரும்பாலும் வாத்தியார் சரியாகத்தான் இருப்பார். பாராட்டு என்பது அவருக்கு எண்ணி எண்ணிச் செலவு செய்ய வேண்டிய காசு. அதைக் கண்டபடி இறைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

கம்புக்கு வந்த மவுசு

ஒரு காலத்தில் சிலம்பம் என்றால் திருவிழாவும் எம்.ஜி.ஆர் படமும்தான் ஞாபகத்துக்கு வரும். இப்போது நிலைமை வேறு. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவிகித ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்ப்பதாகத் தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் இருக்கிறது.

நல்ல விஷயம்தான். ஊர்ப் பெரியவர் நாலு பேரோடு முடிந்துபோயிருக்க வேண்டிய கலை, பள்ளி மைதானத்துக்கு வந்திருக்கிறது. பெண் பிள்ளைகள் சரிசமமாகக் கம்பு பிடிக்கிறார்கள். ஆனால், ஒரு சான்றிதழுக்கு மதிப்பு வந்துவிட்டால் அதைக் குறுக்கு வழியில் கொடுக்கவும் ஆட்கள் வருவார்கள். கட்டணம் கட்டினால் போதும், நூறு பிள்ளைகள் சேர்ந்து ஒரு மணி நேரம் கம்பு சுற்றினால் நூறு பேருக்கும் 'சாதனையாளர்' பட்டம் என்கிற நிகழ்ச்சிகள் அதிகமாகிவிட்டன. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது உண்மையான வெற்றியா, விலைக்கு வாங்கியதா என்று எப்படித் தெரியும்?

தெரியாமலே இருந்தாலும் பரவாயில்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. அதே பிள்ளை மாவட்டப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்கும்போது, 'நான்தான் உலக சாதனையாளர் ஆச்சே, எப்படித் தோத்தேன்?' என்று குழம்பிப்போகிறது. அதற்குப் பிறகு கம்பைத் தொடாமலே போகவும் வாய்ப்பு உண்டு.

கம்புக்கு முன்னால் காலடி

பழைய முறைப்படி சொல்லித்தருகிற ஆசான்கள் பலர், வந்த அன்றே கம்பைக் கையில் தருவதில்லை. முதலில் வணக்கம். தரையைத் தொட்டு, ஆசானை வணங்கி, எதிரே நிற்பவரையும் வணங்க வேண்டும். அதன் பிறகு காலடி.

காலடி என்பது கால் வைக்கும் முறை. எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே, எப்போது உடம்பின் கனத்தை எந்தக் காலுக்கு மாற்றுவது, எப்படித் திரும்புவது என்பதெல்லாம் இதற்குள் அடக்கம். பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். வீடியோ எடுத்தால் லைக் விழாது. ஒரே காலடியை நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும்போது பிள்ளைகளுக்குச் சலிப்பு வருவது இயல்பு.

பிறகுதான் கம்பு. அவரவர் உயரத்துக்கு ஏற்ப நெற்றி வரைக்கும் வருகிற மூங்கில் கம்பு. அதைச் சுற்ற ஆரம்பித்த முதல் நாளே, காலடி ஏன் என்பதற்கான பதில் கிடைத்துவிடும். கால் சரியான இடத்தில் இல்லையென்றால் சுற்றும் கம்பு நேராகத் தன் முழங்காலிலேயே அடிக்கும், காதோரம் உரசும். கையிலிருந்து நழுவி நாலடி தள்ளிப் போய் விழும்.

இங்கேதான் சிலம்பத்தின் அழகு இருக்கிறது. தவறு செய்தால் முதலில் சொல்வது கம்பு. ஆசான் வாய் திறப்பதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. தறியில் ஒரு இழை அறுந்தால் நெய்பவரின் கைக்கு உடனே தெரிவதைப் போல. அழுதோ கெஞ்சியோ கம்பைச் சமாதானப்படுத்த முடியாது. கால் சரியானால் கம்பும் சரியாகும். அவ்வளவுதான்.

ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு விசிலும் பிரம்பும் ஞாபகத்துக்கு வருகின்றன. சிலம்பக் களத்தில் அதற்கு அர்த்தம் வேறு. நேரத்துக்கு வருவது, கம்பைத் தாண்டாமல் இருப்பது, சிறியவர் சுற்றும்போது தள்ளி நிற்பது, 'நிறுத்து' என்றால் அந்த நொடியே நிற்பது. இவை எல்லாமே யாருக்கும் அடிபடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டவை. பத்துப் பேர் கம்பு சுற்றும் இடத்தில் ஒருவர் கவனம் சிதறினால் இன்னொருவரின் கண்ணுக்கு ஆபத்து.

புதுப் பாடம்தான் பாராட்டு

அப்படியானால் ஆசான் பாராட்டுவதே இல்லையா? பாராட்டுகிறார். நாம் எதிர்பார்க்கும் பாஷையில் பாராட்டுவதில்லை.

நன்றாகச் செய்த பிள்ளைக்கு அவர் அடுத்த பாடத்தைச் சொல்லித்தருவார். ஒற்றைக் கம்பு பிடிபட்டவர் கையில் இரட்டைக் கம்பு வரும். கம்பில் தேறியவரிடம் மான்கொம்பு, வாள், சுருள்வாள் என்று ஒவ்வொன்றாக வரும். சுருள்வாள் என்பது வளையும் உலோகப் பட்டை. சுற்றத் தெரியாமல் எடுத்தால் முதல் காயம் எடுத்தவருக்குத்தான். ஆகவே, 'இதை எடு' என்று ஆசான் சொல்வதே பெரிய சான்றிதழ்.

இரண்டாவது, 'இந்தச் சின்னப் பசங்களுக்கு நீ காலடி சொல்லிக்கொடு' என்று பொறுப்பை ஒப்படைப்பது. மூன்றாவது, எல்லோர் முன்னாலும் 'வா, என்கூட நில்லு' என்று ஆசானே எதிரே கம்போடு நிற்பது. அன்றைக்கு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும் நடையே மாறியிருக்கும்.

சண்டைப் பிரிவிலும் இந்த அளவுகோல்தான். கம்பு முனையில் சாம்பலோ வண்ணப் பொடியோ தடவி விளையாடுவது பழைய வழக்கம். யார் உடம்பில் எத்தனை பொட்டு விழுந்திருக்கிறது என்று எண்ணினால் ஜெயித்தது யார் என்று தெரிந்துவிடும். தலைக்கவசமும் மார்புக் கவசமும் போட்டு ஆடும் இன்றைய போட்டிகளிலும் தொட்டால் புள்ளி. ஓங்கி அடித்து எலும்பை உடைப்பவருக்கு அங்கே மதிப்பில்லை. முழு வேகத்தில் வரும் கம்பை, எதிரே நிற்பவரின் நெற்றிக்கு அருகில் பொட்டு வைக்கிற அளவுக்கு நிறுத்தத் தெரிந்தவரைத்தான் பெரியவர்கள் மெச்சுவார்கள். அடிக்கத் தெரிவதற்கு ஒரு பங்கு பயிற்சி என்றால், அடிக்காமல் நிறுத்தத் தெரிவதற்குப் பத்துப் பங்கு வேண்டும்.

தென்மாவட்டங்களில், குறிப்பாகக் கன்னியாகுமரிப் பக்கம், வர்மம் கற்றுத்தரும் ஆசான்களிடம் இந்தக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். உடம்பின் எந்த இடத்தில் பட்டால் ஆபத்து என்ற அறிவு அது. கை வேகத்தைப் பார்த்து அதைச் சொல்லித்தர மாட்டார்கள். பல வருடம் கூடவே இருந்து, கோபத்தில் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்த பிறகுதான் வாய் திறப்பார்கள். அங்கே நம்பிக்கைதான் மிகப் பெரிய பரிசு.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. வடகரையின் மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரியில் இறங்கியவர். எழுபது வயதைத் தாண்டியும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வாள் வீசியவர். 2017-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய கடத்தநாடன் களரி சங்கத்தில் மாதக் கட்டணம் கிடையாது. மாணவர்கள் தங்களால் முடிந்ததைக் குருதட்சிணையாக வைக்கிறார்கள். கட்டணம் வாங்குவது தப்பில்லை, ஆசான்களும் குடும்பம் நடத்த வேண்டும். ஆனால், கட்டணத்துக்குப் பதிலாகப் பாராட்டைத் தரும் கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

காஞ்சிக் கல்லில் இரண்டு விதப் புகழ்

காஞ்சிபுரமும் தற்காப்புக் கலையும் என்றதும் பலருக்கு போதிதர்மர் ஞாபகம் வரும். 'ஏழாம் அறிவு' படம் 2011-ல் வந்த பிறகு சின்னக் குழந்தைக்கும் அந்தப் பெயர் தெரியும். அவர் காஞ்சிப் பல்லவ இளவரசர், சீனாவுக்குப் போய்க் கலையைக் கற்றுக்கொடுத்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். கல்லில் எழுதியே வைத்திருக்கும் இரண்டு சாட்சிகள் இந்தப் பேச்சுக்கு இன்னும் பொருத்தமானவை.

முதல் சாட்சி பிள்ளையார்பாளையத்தை ஒட்டியே இருக்கிறது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கைலாசநாதர் கோயில். திருச்சுற்றில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னச் சன்னதிகளில் மன்னனின் பட்டப்பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். இருநூறுக்கும் மேல்! வீரத்துக்கு, கொடைக்கு, கலைக்கு, பக்திக்கு என்று பட்டியல் நீள்கிறது. கோயில் ராஜாவுடையது, உளி பிடித்தவருக்குக் கூலியும் ராஜா கொடுத்தது. எத்தனை பட்டம் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது சாட்சி சோழர் காலத்துக் கல்வெட்டுகள். அவற்றில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்று முடியும் படைப்பிரிவுப் பெயர்கள் பல வருகின்றன. கைக்கோளர் என்பது இன்று செங்குந்தர் என்று அறியப்படும் நெசவாளர் சமூகத்தின் பழைய பெயர். காஞ்சியின் நெசவில் பெரும் பங்கு அவர்களுடையது. செங்குந்தம் என்றால் சிவந்த ஈட்டி. நாடா பிடிக்கும் சமூகத்தின் பெயரிலேயே ஆயுதம் இருக்கிறது!

அந்தத் 'தெரிஞ்ச' என்ற சொல்லைத்தான் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட என்று அதற்கு ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். அதாவது, தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர் கிடையாது. யாரோ பார்த்து, சோதித்து, 'இவன் சரிப்படுவான்' என்று எடுத்துக்கொண்டதால் வந்த பெயர். ராஜாவின் இருநூறு பட்டங்களில் எத்தனை இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று காஞ்சிபுரத்துக்காரர்களையே கேட்டுப் பாருங்கள்.

பெல்ட் வந்த கதை

'சிலம்பத்தில் ஏன் பெல்ட் இல்லை? கராத்தேயில் ஆறு மாதத்துக்கு ஒரு கலர் கிடைக்கிறதே' என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. பெல்ட் பல நூறு வருடத்து வழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதற்கு 150 வயதுகூட ஆகவில்லை.

ஜப்பானில் 1882-ல் ஜூடோவுக்கு கோடோகான் பள்ளியைத் தொடங்கியவர் கனோ ஜிகோரோ. ஒரு பள்ளி ஆசிரியரைப் போலவே யோசித்த மனிதர். மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக 1883-ல் தன் மாணவர்கள் இருவருக்கு முதன்முதலாக 'டான்' என்ற தகுதிநிலை கொடுத்தார். கராத்தேயில் அந்த முறை 1924-ல்தான் வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று இடைப்பட்ட கலர்கள் பரவியது ஐரோப்பாவில், இருபதாம் நூற்றாண்டில்தான்.

சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்படியாக ஏற ஒரு ஏணி தேவை என்பது நியாயம். சிலம்ப அமைப்புகள் சிலவும் இப்போது நிலைகள் வைக்கின்றன. ஏணியில் தப்பில்லை. கால் வைக்காமலே தூக்கி மேலே உட்காரவைப்பதுதான் தப்பு. அப்படி உட்கார்ந்தவருக்கு இறங்கவும் தெரியாது.

ஒரே ஒரு வரி செய்யும் வேலை

பாராட்டு ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பிரபலம்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் 'நீ ரொம்பப் புத்திசாலி' என்ற பொருளில் ஒரு வரி சொன்னார்கள். வேறு சிலரிடம் 'நீ நன்றாக உழைத்திருக்கிறாய்' என்ற பொருளில் ஒரு வரி. வித்தியாசம் அவ்வளவுதான். அடுத்து, கஷ்டமான புதிர்களைக் கொடுத்தார்கள். எல்லோருமே திணறினார்கள். மூன்றாவதாக, முதலில் கொடுத்த அதே அளவு சுலபமான புதிர்கள்.

புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் மூன்றாவது சுற்றில், முதல் சுற்றைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். இன்னொன்றும் தெரியவந்தது. வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். பட்டம் கொடுத்துவிட்டால் அதைக் காப்பாற்றப் பொய்யும் சொல்ல வேண்டியிருக்கிறது!

நெதர்லாந்தில் எடி புருமல்மன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் வரைந்த படத்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் என்ன ஆகிறது? அடுத்த தடவை அவர்கள் சுலபமான படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். 'இவ்வளவு பெரிசா சொல்லிட்டாங்களே, அடுத்த தடவை சொதப்பினா என்ன நினைப்பாங்க' என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். தைரியம் கொடுக்கிறோம் என்று நினைத்து நாம் அள்ளி வீசும் 'சூப்பர்டா, உன்னை மாதிரி யாருமே இல்லை!' சில பிள்ளைகளை இப்படிப் பின்வாங்க வைத்துவிடுகிறது.

ஆய்வுக்கூடம் பக்கமே போகாத சிலம்ப ஆசான் 'பின்கால் இன்னிக்கு நல்லா ஊனிச்சு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எது சரியாக இருந்தது என்று அந்தப் பிள்ளைக்குத் துல்லியமாகத் தெரிகிறது. நாளைக்கும் அதைச் செய்ய முடியும்.

அடி ஒருபோதும் பாடமாகாது

இதைப் படித்துவிட்டு, 'அப்போ பாராட்டவே கூடாது, நாலு போட்டால்தான் வழிக்கு வருவாங்க' என்று யாராவது கிளம்பினால் அது இன்னும் மோசம். அடியாத மாடு படியாது என்று பழமொழி பேசியே ஒரு தலைமுறையை அடித்து வளர்த்துவிட்டோம். மாட்டுக்கே அது பொருந்துமா என்பது சந்தேகம்.

பாராட்டை அளந்து கொடுப்பது வேறு, பிள்ளையை அவமானப்படுத்துவது வேறு. கம்பால் அடிப்பது, வெயிலில் முட்டி போடவைப்பது, மற்றவர் முன்னால் உடம்பையோ ஜாதியையோ நிறத்தையோ சொல்லிக் கேலி செய்வது, தண்ணீர் குடிக்கவிடாமல் ஓடவிடுவது... இவற்றுக்கெல்லாம் 'பாரம்பரியப் பயிற்சி' என்று பெயர் வைக்க முடியாது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதைத் தடை செய்திருக்கிறது. மாலை வகுப்பு பள்ளி இல்லையே என்று சாக்கு சொல்பவரிடம் பிள்ளையை விட வேண்டியதில்லை. தொடுதல், பேச்சு என எதில் பிள்ளைக்குச் சங்கடம் ஏற்பட்டாலும் அதை உடனே நம்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

காஞ்சிபுரத்துக்கு இந்த எச்சரிக்கை கொஞ்சம் கூடுதலாகவே தேவை. கோர்வை முறையில் பட்டுப் புடவை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். கரைப் பக்கத்து நாடாவை வீசித்தர ஒரு துணை ஆள். முன்பெல்லாம் அந்த வேலைக்குப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். முன்பணம் வாங்கிய கடனுக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அங்கே ஒழுங்கு என்றால், வாய் திறக்காமல் வேலை செய்வது. பாராட்டு என்றால், அன்றைக்கு அடி விழாமல் இருப்பது.

அப்படி வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று நாற்பதை நெருங்கும் அப்பாக்கள், அம்மாக்கள். தங்கள் பிள்ளைக்குத் தறி வேண்டாம், புத்தகமும் விளையாட்டும் வேண்டும் என்று நினைப்பவர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பிள்ளை கையில் நாடாவுக்குப் பதில் கம்பு இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் பட்ட பாடு இருக்கிறது.

இவர்களில் சிலர், 'எனக்குக் கிடைக்காத பாராட்டு என் பிள்ளைக்காவது கிடைக்கட்டும்' என்று சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கேக் வெட்டுகிறார்கள். சிலர், 'நான் இப்படித்தான் வளர்ந்தேன்' என்று பிரம்பை எடுக்கிறார்கள். இரண்டுமே பாசத்திலிருந்து வருபவைதான். ஆனால், இரண்டிலும் விட்டுப்போவது ஒன்று உண்டு. பிள்ளை என்ன செய்தது என்று கூர்ந்து பார்ப்பது.

வகுப்பில் சேர்க்கும் முன்...

பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

* ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடம் வேண்டாம்.

* முதல் மாதம் எதைச் சொல்லித்தருவார்கள் என்று கேளுங்கள். வணக்கமும் காலடியும் என்றால் நல்ல அறிகுறி. 'ரெண்டு மாசத்துல ரெக்கார்டு பண்ணிடலாம்' என்றால் யோசியுங்கள்.

* சண்டைப் பயிற்சிக்குத் தலைக்கவசமும் மார்புக் கவசமும் இருக்கின்றனவா? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா?

* மூத்த மாணவர்கள் சின்னவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஆசானின் குணம் அதில் தெரிந்துவிடும்.

* பெண் பிள்ளைகளுக்கும் அதே பாடம், அதே ஆயுதம், அதே போட்டி வாய்ப்பு கிடைக்கிறதா?

* போட்டிக்குப் பணம் கட்டும் முன், அதை நடத்தும் அமைப்பு எது, அந்தச் சான்றிதழ் அரசு ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டில் எப்படிப் பாராட்டுவது?

உங்களுக்குச் சிலம்பம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. 'சூப்பர்' என்பதற்குப் பதிலாகப் பார்த்ததைச் சொல்லுங்கள். 'போன வாரம் நாலு தடவை கம்பு கீழே விழுந்துச்சு, இன்னிக்கு ஒரு தடவைதான்.' 'கால்ல பட்டதும் கோபப்படாம மறுபடி ஆரம்பிச்சியே, அது எனக்குப் பிடிச்சுது.' 'அந்தக் குட்டிப் பையன் பக்கத்துல வந்ததும் நீ கம்பை நிறுத்துனதைப் பார்த்தேன்.'

தோற்று வரும் நாளில் நடுவரைத் திட்டாதீர்கள். பிள்ளைக்குப் பசிக்கும், முதலில் சாப்பாடு போடுங்கள். அப்புறம், 'ஜெயிச்ச பையன்கிட்ட எது நல்லா இருந்துச்சு?' என்று கேளுங்கள். எதிராளியை மெச்சத் தெரிந்த பிள்ளை கற்றுக்கொள்வதை நிறுத்தாது.

ஆசான் சொன்ன ஒரு வார்த்தையைப் பிள்ளை வந்து சொன்னால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் காது கொடுத்துக் கேளுங்கள். 'இவ்வளவுதானா சொன்னார்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு 'ம்'. அந்தப் பிள்ளைக்கு மூன்று மாத உழைப்பு.

இந்த வாரம் ஒரே ஒரு நாள் முயற்சி செய்து பாருங்களேன். பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு, போனைப் பையில் போட்டுவிட்டு, ஓரமாக உட்காருங்கள். வீடியோ வேண்டாம், ஸ்டேட்டஸ் வேண்டாம். போன வாரத்தைவிட இன்று எது மாறியிருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். திரும்பி வரும் வழியில் அந்த ஒன்றைச் சொல்லுங்கள், போதும்.